குதிரையின் கண் தெளிவு, மூக்கு மங்கல்: லென்ஸை மாற்றுவதா, நிற்கும் இடத்தை மாற்றுவதா?

பரந்தனிலிருந்து எழுதும் வாசகர் ஒருவர், நெடுந்தீவுக்குச் சென்று அங்குள்ள கட்டாக்காலிக் குதிரைகளைப் படம் பிடித்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டியருகே 50 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 1.8 அளவுக்குத் திறந்து, மூன்று மீற்றர் தூரத்தில் நின்று எடுத்த முகப்படங்களில் கண் கூர்மையாகவும் மூக்கு மங்கலாகவும் வந்துள்ளன, திறப்பை எஃப் 5.6 அளவுக்குக் குறைத்தபோது (இந்த எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்) மூக்கு தெளிந்தாலும், பின்னாலிருந்த பனைகளும் எடுப்பாகத் தெரிந்து குதிரையின் தலையில் முளைத்தவைபோல ஆகிவிட்டன. கையில் 55–250 மில்லிமீற்றர் லென்ஸும் இருக்கிறது. இவற்றை விட விலை கூடிய லென்ஸ் ஒன்று தேவையா என்று கேட்கிறார்.

தேவையில்லை. பையில் கிடக்கும் அந்த நீண்ட லென்ஸே போதும்.

உங்கள் கமராவின் ஏ.பி.எஸ்.சி. சென்சரில் (முழுச்சட்டகச் சென்சரைவிடச் சிறிய, படத்தைப் பதியும் தகடு), நீங்கள் சொன்ன தூரத்திலும் திறப்பிலும் தெளிவாக விழும் ஆழம் மொத்தமாக ஏறக்குறைய 26 சென்ரிமீற்றர் மட்டுமே. அதில் பாதியளவுதான் கண்ணுக்கு முன்னால் கிடைக்கும். குதிரை உங்களை நோக்கி முகத்தை நீட்டும்போது கண்ணிலிருந்து மூக்குத் துவாரம் ஏறக்குறைய ஓர் அடி முன்னால் இருப்பதால், அது மங்குவதைத் தவிர்க்க முடியாது. எஃப் 5.6இல் இந்த ஆழம் 80 சென்ரிமீற்றராகக் கூடுகிறது, தலை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது அதே எஃப் 5.6ஐ வைத்துக்கொண்டு, குதிரையிலிருந்து 12 மீற்றர் தூரத்துக்குப் பின்வாங்கி, நீண்ட லென்ஸின் 200 மில்லிமீற்றரில் எடுத்துப் பாருங்கள். தலை சட்டகத்தில் முன்போலவே அதே அளவில் இருக்கும். தெளிவின் ஆழமும் அதே 80 சென்ரிமீற்றர்தான். நீண்ட லென்ஸ் என்றாலே ஆழம் குறையும் என்று பலரும் நம்புகிறார்கள், ஆனால் குதிரை படத்தில் ஒரே அளவாக இருக்கும்வரை அது உண்மையல்ல. மாறுவது பின்னணிதான்: 50ஐ 1.8ஆல் வகுத்தால் திறப்பின் விட்டம் 28 மில்லிமீற்றர், 200ஐ 5.6ஆல் வகுத்தால் 36 மில்லிமீற்றர். தொலைவிலுள்ள பனைகள் எவ்வளவு கரையும் என்பதை, தலை ஒரே அளவாக இருக்கையில், இந்த விட்டமே தீர்மானிப்பதால், மூக்கைத் தெளிவாக வைத்துக்கொண்டே பின்னணியை முன்னைவிட அதிகமாக மங்கச் செய்துவிடலாம். மூன்று மீற்றரில் மூக்கு பெருத்து நெற்றி சிறுத்துத் தெரியும் கோணலும் 12 மீற்றரில் மறைந்துவிடும். கட்டாக்காலிக் குதிரையிடமிருந்து தள்ளி நிற்பது உங்கள் எலும்புக்கும் நல்லது.

நீண்ட லென்ஸ் பின்னணியில் ஒரு சிறு துண்டை மட்டுமே பிடிப்பதால், பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி நகர்ந்தாலே பனை தலையை விட்டு விலகிவிடும். அடிவானம் வேறு விடயம். நெடுந்தீவைப் போன்ற தட்டையான நிலத்தில் அது எப்போதும் கமராவின் உயரத்திலேயே எல்லாப் பொருள்களையும் வெட்டிச் செல்லும். நின்றபடி எடுத்தால், அந்தக் கட்டையான குதிரைகளின் கழுத்தையோ தலையையோ கோடு கிழித்துவிடும். முழங்காலில் இருந்து, கமராவைக் குதிரையின் வயிற்று மட்டத்துக்குத் தாழ்த்தினால், கோடு உடலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, தலை வெறும் வானத்தில் துலங்கும். கால்களும் குறுகித் தெரியா.

அதே 200 மில்லிமீற்றரில் முழு உடலையும் எடுக்க 30 மீற்றருக்கு மேல் விலக வேண்டிவரும். அங்கே ஆழம் தாராளமாக இருப்பதால், மூக்குக்கு முன்னால் வாலுக்குப் பின்னால் உள்ளதைவிடக் கூடுதல் இடம் விடுவதையும், குளம்புகள் வெட்டுப்படாமல் இருப்பதையும் கவனித்தால் போதும்.

பழகுவதற்கு நெடுந்தீவுவரை போக வேண்டாம். அறுவடை முடிந்த வயல்களில் மேயும் பட்டி மாடுகள் குதிரையைவிடக் கண்டிப்பான ஆசிரியர்கள், ஏனெனில் மூக்கோடு கொம்பு நுனியையும் அவை கணக்கில் சேர்க்க வைக்கும். குளக்கட்டில் ஏறி நின்று மட்டும் எடுக்க வேண்டாம், முதுகுதான் கிடைக்கும். குவியப் புள்ளி ஒன்றை மட்டும் தெரிவுசெய்து, உங்களுக்கு அருகிலுள்ள கண்ணில் வையுங்கள். 200 மில்லிமீற்றரைக் கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/500 செக்கனுக்குக் கீழே இறங்காதிருப்பது நல்லது. ஓடும் விலங்குக்கு 1/1000 வேண்டும், அதற்காக ஐ.எஸ்.ஓ.வை (சென்சரின் ஒளியுணர்திறன் அளவை) கூட்டத் தயங்க வேண்டாம்.