கட்சி பலம் இல்லாமல், ஊர்த் தேவைகளை மட்டும் சொல்லி உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியுமா?

முடியும். எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் உள்ளாட்சி மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து தொடங்குங்கள். பல வேட்பாளர்கள் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வருமானத்தில் பெரும்பங்கு முதலிலேயே சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் போய்விடும். மிஞ்சுவதை வைத்துத்தான் நீங்கள் வாக்குறுதி தர முடியும். குப்பை, வடிகால், தெருவிளக்கு போன்றவை பெரும்பாலும் மன்றத்தின் பொறுப்பு. பள்ளியும் காவல்துறையும் யார் கையில் என்பது நாட்டுக்கு நாடு மாறும். மன்றத்துக்கு அதிகாரமில்லாத ஒன்றைச் செய்து தருவதாகச் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் வீடு வீடாகப் போங்கள், வாக்குக் கேட்க அல்ல. “இந்தத் தெருவில் முதலில் எது சரியாக வேண்டும்?” என்று கேட்டு, பதிலை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். கூட்டங்களுக்கு வர முடியாதவர்களை, அதாவது இரவு வேலைக்காரர்கள், முதியவர்கள், வாடகைக்குக் குடியிருப்போர் போன்றவர்களைத் தேடிப் போவது இன்னும் முக்கியம். பிரேசிலின் போர்த்தோ அலெக்ரி நகரம் 1989இல் இப்படி மக்களைக் கேட்பதை நிர்வாக முறையாகவே ஆக்கியது. புதிய பணிகளுக்கான நிதியை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்போர் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். ஏழைப் பகுதிகளுக்குக் குடிநீரும் கழிவுநீர் வசதியும் முன்னுரிமை பெற்றன.

கேட்டதில் இரண்டு மூன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேட்புமனு விதிகளையும் கடைசித் தேதியையும் தேர்தல் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கை முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள்.