பாய்மரப் படகு அனுபவமே இல்லாதவரை க்ரூவாகச் சேர்த்துக்கொள்வார்களா?

கேள்வி கேட்டவர் சான் ஹோசேயில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். படகு அனுபவம் கிடையாது, நீச்சல் சுமாராகத் தெரியும், கிளப்பில் சேர நிறைய செலவாகுமோ என்ற தயக்கம் இருக்கிறது. என்றைக்காவது பாய்மரப் படகில் ஹவாய் வரை போய்வர வேண்டும் என்பது ஆசை.

க்ரூ, அதாவது படகை ஓட்ட உதவும் ஆட்களில் ஒருவராகத் தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் அதற்குப் பெரிய செலவும் இல்லை. ஹவாயும் நடக்கக்கூடிய ஆசைதான். ஆனால் தேடலை ஹவாயிலிருந்து தொடங்காதீர்கள், வாரநாள் சாயங்காலத்திலிருந்து தொடங்குங்கள். நான் அலமீடாவில் இருக்கிறேன். சொந்தப் படகு கிடையாது. சில வருடங்களாக அடுத்தவர் படகில்தான் ஓடுகிறேன், அதனால் இதைப் பற்றி விவரமாகவே சொல்ல முடியும்.

முதலில் படகுக்காரரின் பக்கத்திலிருந்து பாருங்கள். 30, 35 அடிப் படகை ரேஸில் ஒழுங்காக ஓட்ட ஐந்து முதல் ஏழு பேர் வேண்டும். படகு வாங்கப் பணம் இருக்கும், நிறுத்த இடம் இருக்கும், வாராவாரம் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ஒருவருக்கு மீட்டிங் நீண்டுவிடும், இன்னொருவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்பார், ஐந்தரை மணிக்கு மூன்று பேர்தான் துறையில் நிற்பார்கள். காற்று பலமாக இருந்தால் பாய்மரப் படகு ஒரு பக்கமாகச் சாயும். சாய்வைக் குறைக்க ஆட்கள் காற்று வரும் பக்கத்து விளிம்பில் வரிசையாக உட்கார வேண்டும். அந்த எடை போதவில்லை என்றால் பாயைச் சுருக்கித்தான் ஆக வேண்டும், வேகமும் போய்விடும். ஆகவே ஒன்றுமே தெரியாத ஆளுக்கும் முதல் நாளிலேயே உண்மையான வேலை இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு நிச்சயமாக வந்து நிற்கிறவர் என்று பெயர் எடுத்துவிட்டால், பாய் கட்டத் தெரிந்தும் பாதி நாள் வராதவரை விட உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

இந்தச் சாயங்கால ரேஸ்களுக்கு இங்கே பீர் கேன் ரேஸ் என்று பெயர். பெரும்பாலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, வாரத்தில் ஒருநாள் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆபீஸ் முடிந்து ஆறு மணிவாக்கில் தொடங்கி இருட்டுவதற்குள் முடியும். வெவ்வேறு அளவுப் படகுகளுக்கு வேகத்தைப் பொறுத்து நேரச் சலுகை உண்டு, அதனால் பழைய குடும்பப் படகும் கலந்துகொள்ளும். உங்களுக்குப் பக்கம் என்றால் ரெட்வுட் சிட்டியில் செகோயா யாட் கிளப், சான் மேட்டியோவில் கொயோட் பாயின்ட் யாட் கிளப். வடக்கே வரத் தயார் என்றால் அலமீடா, பெர்க்லி, டிபுரான், சான் பிரான்சிஸ்கோ என்று ஒவ்வொரு ஊரிலும் உண்டு. க்ரூவாக ஏறுகிறவர் கிளப் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. உறுப்பினர் கட்டணம் எல்லாம் படகுக்காரரின் கவலை.

எப்படிக் கேட்பது? ரேஸ் நடக்கும் கிளப்புக்கு முந்தின நாளே போன் அல்லது மின்னஞ்சல் செய்து, 'நான் புதிது, ஆள் தேவைப்படும் படகு இருந்தால் சொல்லுங்கள்' என்று ரேஸ் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். அன்று ஒன்றரை மணி நேரம் முன்பே துறைக்குப் போய்விடுங்கள். கையில் லைஃப் ஜாக்கெட்டும் பையும் இருந்தால் நீங்கள் எதற்கு நிற்கிறீர்கள் என்று யாருக்கும் சொல்லவே வேண்டாம். நம்மில் பலருக்குத் தெரியாதவரிடம் போய் வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். படகுத் துறையில் அதற்கு அவசியமே இல்லை, அங்கே ஆள் கேட்பதும் இடம் கேட்பதும் அன்றாட வழக்கம்.

எழுத்தில் தேடுவதற்கு லாட்டிட்யூட் 38 என்ற இலவசப் பத்திரிகை இருக்கிறது. 1977இலிருந்து இந்த வளைகுடாவின் பாய்மரப் படகுக்காரர்கள் எல்லோரும் படிப்பது. அதன் க்ரூ பட்டியலில் இடம் தேடுகிறவர்களும் ஆள் தேடுகிறவர்களும் பெயர் கொடுக்கலாம். அதில் 'கடல் மீது தீராத காதல்' என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. எந்தெந்த நாள் வர முடியும், எடை எவ்வளவு, ஏதாவது உடல்நலப் பிரச்சினை உண்டா, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், சமைப்பது, எலெக்ட்ரிகல் வேலை, எஞ்சின் பழுது இவற்றில் எது தெரியும் என்று எழுதுங்கள். எடையைக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கணக்குக்காகத்தான் கேட்கிறார்கள். அனுபவம் பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுதிவிடுங்கள். கூட்டிச் சொன்னால் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அது மட்டுமல்ல, உங்களுக்குத் தெரியும் என்று நம்பி ஒரு கயிற்றை ஒப்படைப்பார்கள், அதில் அடுத்தவர் விரல் போகலாம்.

முதல் சாயங்காலம் குளிரும். கலிபோர்னியா வெயில் என்று டீ ஷர்ட்டில் வராதீர்கள். கோடையில் உள்நாட்டுச் சமவெளி சூடேறி, அங்கே காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த கடல் காற்று கோல்டன் கேட் இடைவெளி வழியாக உள்ளே பாயும். கோல்டன் கேட் பாலத்திலிருந்து அல்கட்ராஸ் தீவு தாண்டி பெர்க்லி வரை மத்தியானத்துக்கு மேல் 20, 25 நாட் (மணிக்கு சுமார் 37 முதல் 46 கிலோமீட்டர்) வேகம் சாதாரணம். கூடவே மூடுபனி. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். செயற்கை இழை உள்ளாடை, ஃப்ளீஸ், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட், டெக்கில் கறை படியாத வெளிர் ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ, இவ்வளவு போதும். விலையுயர்ந்த மாலுமி உடைகளை முதல் வருடம் வாங்கவே வேண்டாம். பணம் செலவழிப்பதென்றால் தானாக விரியும் லைஃப் ஜாக்கெட்டில் செலவழியுங்கள். தண்ணீர் கோடையிலும் 15 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். திடீரென்று விழுந்தால் மூச்சு தன்னால் இழுக்கும், நன்றாக நீந்துகிறவரே முதல் ஒரு நிமிடம் தடுமாறுவார். நீச்சல் சுமார் என்கிறீர்கள், அதைப் படகை நடத்தும் ஸ்கிப்பரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் ஒய்எம்சிஏ குளம் இருந்தால் இப்போதே வகுப்பில் சேருங்கள்.

படகில் உங்களுக்குத் தரப்போகும் வேலை இப்படி இருக்கும். படகு காற்றை நோக்கி நேராகப் போக முடியாது, குறுக்கும் நெடுக்குமாகத் திரும்பித் திரும்பித்தான் முன்னேறும். அந்தத் திருப்பத்துக்கு டாக் என்று பெயர். ஸ்கிப்பர் 'ரெடி?' என்பார். முன்பாயைப் பிடித்திருக்கும் கயிறு ஒரு பக்க வின்ச்சில் (கயிற்றைச் சுற்றி இறுக்கும் உருளை) முறுகிக்கொண்டு நிற்கும், விரலால் தட்டினால் கம்பி மாதிரி இருக்கும். படகு திரும்பி, பாய் படபடக்கத் தொடங்கும் நொடியில் ஒருவர் அதை விட்டுவிடுவார். மறுபக்கத்தில் இருப்பவர் தளர்ந்த கயிற்றை இரண்டு கையாலும் மளமளவென்று இழுத்து, வின்ச்சில் கடிகாரச் சுற்றில் இன்னும் ஒன்றிரண்டு சுற்று சுற்றி, கைப்பிடி போட்டு முறுக்குவார். கடைசி ஓர் அடியை முறுக்கும்போதுதான் தோள் எரியும். இந்தச் சில நொடிகளில் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எழுந்து, குனிந்து, பெரிய பாயின் அடியில் குறுக்காக இருக்கும் பூம் என்ற கட்டைக்குக் கீழே நுழைந்து, புதிதாக உயர்ந்த பக்கத்துக்குப் போய் உட்கார வேண்டும். ரொம்பச் சீக்கிரம் எழுந்தால் படகு சாயும், தாமதித்தால் தாழ்ந்த பக்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். தலை எப்போதும் பூமுக்குக் கீழே. கயிறைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. வின்ச்சிலிருந்து ஒரு சாண் தள்ளியே விரல்கள் இருக்கட்டும். யாராவது கத்தினால் மனசில் வைக்காதீர்கள், காற்றில் மெதுவாகப் பேசினால் கேட்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் திட்டுகிற ஸ்கிப்பர் படகில் இரண்டாவது தடவை ஏற வேண்டிய அவசியமும் இல்லை, அடுத்த படகுக்கும் ஆள் தேவை.

ரேஸ் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பாயை மடிக்க ஆள் வேண்டும், கயிறு சுருட்ட வேண்டும், டெக் கழுவ வேண்டும். 'அடுத்த வாரம் வருவீர்களா?' என்ற கேள்வி பெரும்பாலும் அங்கேதான் வரும். பிறகு கிளப்பில் உட்கார்ந்து அன்றைய ரேஸை அலசுவார்கள். குடிக்காதவர்களை யாரும் வற்புறுத்துவதில்லை, ஆனால் அந்தப் பேச்சில்தான் பாதிப் பாடம் இருக்கிறது. குமட்டல் வரும் உடம்பு என்றால் மெக்லிசின் மாத்திரையை முந்தின இரவே போடுங்கள், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அது தூக்கத்தைக் கொடுக்கும்.

வகுப்பில் சேர்ந்துவிட்டுத்தான் போக வேண்டுமா என்று கேட்டால், என் கருத்தில் வேண்டாம். சில வாரம் ஏறி இறங்கிப் பாருங்கள், பிடித்திருந்தால் அப்புறம் படியுங்கள். பெர்க்லியில் கால் செய்லிங் கிளப் (Cal Sailing Club) இருக்கிறது, முழுக்கத் தன்னார்வலர்களே நடத்துவது. மற்ற பள்ளிகளோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகவும் குறைவு, பதிலுக்கு நாமும் சில மணி நேரம் படகு பழுது பார்ப்பது போன்ற வேலை செய்ய வேண்டும். க்ரூவாக மட்டுமே இருந்தால் சுக்கானைத் தொடாமலே வருடங்கள் ஓடிவிடும். சின்னப் படகில் நீங்களே சுக்கான் பிடித்து, நீங்களே பாயைச் சரிசெய்து, ஒருமுறை கவிழ்ந்து ஏறினால்தான் பெரிய படகில் ஸ்கிப்பர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பது புரியும். வீட்டில் இருந்தபடியே பழக வேண்டியவை மூன்று முடிச்சுகள்: போலைன் (இறுகிப்போகாத வளைய முடிச்சு), எட்டு வடிவ முடிச்சு, கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு) கட்டும் கட்டு. கண்ணை மூடிக்கொண்டு போட வர வேண்டும்.

நம் ஆட்களுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டால், புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியைப் பற்றிச் சொல்லுங்கள். அவரும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் இரண்டே பேராகத் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று அங்கேயே திரும்பினார்கள்.

இனி எல்லாவற்றையும் விட முக்கியமானது. வளைகுடாவுக்குள் யார் படகிலும் ஏறலாம். கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டுவதென்றால் படகையும் ஸ்கிப்பரையும் நீங்கள்தான் பரிசீலிக்க வேண்டும். 2012 ஏப்ரல் 14 அன்று ஃபாரலோன் தீவுகளைச் சுற்றிவரும் ரேஸில் லோ ஸ்பீட் சேஸ் என்ற 38 அடிப் படகு, தீவை ஒட்டி ஆழம் குறைந்த இடத்தில் போனபோது பேரலை உடைந்து அடித்தது. எட்டு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். அனுபவம் உள்ளவர்கள் ஓட்டிய நல்ல படகுதான் அது. கரைக்கு எவ்வளவு நெருங்கிப் போவது என்பது ஒரே ஒருவரின் முடிவு, அதற்கு எல்லோரும் உட்படுகிறோம். அதனால் கேளுங்கள்: ஆள் விழுந்தால் எப்படி எடுப்பீர்கள், கடைசியாக எப்போது பயிற்சி செய்தீர்கள், உயிர்காக்கும் ராஃப்ட் எப்போது சோதிக்கப்பட்டது, உங்களுக்கு ஏதாவது ஆனால் படகைக் கரைசேர்க்க வேறு யாருக்குத் தெரியும். கேள்விக்குக் கோபப்படுகிறவர் என்றால் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். பழைய க்ரூ ஒருவரிடம் தனியாகப் பேசாமல் பல நாள் பயணத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இணையத்தில் மட்டும் அறிமுகமானவர், வேறு க்ரூவே இல்லாத படகு, தனியாக வரும் பெண்தான் வேண்டும் என்ற விளம்பரம், இதற்கெல்லாம் பதிலே போடக் கூடாது.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. சாப்பாடு, டீசல் செலவை விருப்பப்பட்டுப் பகிர்ந்துகொள்வது வழக்கம்தான். கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுகிறவருக்குக் கடலோரக் காவல்படையின் உரிமம் வேண்டும், இல்லையென்றால் சட்டவிரோதம். நீங்கள் எச்1பி வேலை வீசாவில் இருந்தால் படகு ஓட்டிக்கொடுக்க யாராவது சம்பளம் தந்தாலும் வாங்காதீர்கள், அது வேறு வேலை செய்ததாக ஆகிவிடும்.

ஹவாய்க்கு வருகிறேன். பசிபிக் கப் ரேஸ் இரட்டைப்படை வருடங்களில் ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒவாஹு தீவின் கனியோஹே விரிகுடா வரை, 2,070 கடல் மைல். போகும்போது வர்த்தகக் காற்று முதுகில் தள்ளும், எல்லோரும் அந்த இடத்துக்குப் போட்டி போடுவார்கள், புதியவருக்குக் கிடைப்பது கஷ்டம். ஆனால் ரேஸ் முடிந்ததும் முக்கால்வாசிப் பேர் வேலைக்காக விமானம் ஏறிவிடுவார்கள். படகு அங்கேயே நிற்கும், அதை யாராவது ஓட்டிக்கொண்டு வர வேண்டும். திரும்பும் வழி எதிர்க்காற்று, அதனால் முதலில் வடக்கே வெகுதூரம் ஏறி, பசிபிக்கின் உயரழுத்த மண்டலத்தைச் சுற்றித்தான் கிழக்கே திரும்புவார்கள். இரண்டு, மூன்று வாரம் ஆகும், குளிர், மூடுபனி, இரவுக் காவல். இந்தப் பயணத்துக்குத்தான் ஆள் தேடி அலைவார்கள். இரண்டு சீசன் வாரநாள் ரேஸ் ஓடி, பாலத்துக்கு வெளியே சில இரவுகள் போய்வந்து, ஒரு ஸ்கிப்பர் உங்களுக்காகப் பேசத் தயாராக இருந்தால் உங்களுக்கு இடம் உண்டு. இரு முனையும் அமெரிக்கா என்பதால் இடையில் வேறு நாட்டுத் துறைமுகம் தொடாதவரை குடிவரவுச் சிக்கலும் இல்லை. மெக்சிகோ பக்கம் போகும் படகு என்றால் மட்டும் திரும்பி வருவதற்கான வீசா முத்திரை செல்லுபடியாகிறதா என்று பார்த்து, வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பிக் கொண்டுவர ஆள் தேடுவது ரேஸுக்கு முந்தைய குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும், அந்தச் சமயத்தில் லாட்டிட்யூட் 38 பட்டியலில் உங்கள் பெயர் இருக்கட்டும். மேனேஜரிடம் ஒரு மாத லீவுக்கும் அப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.