மாஸ்க் முழுதையும் மாற்ற வேண்டாம்

செங்கோட்டை நண்பருக்கு, அப்பாவின் சிபாப் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்றை அழுத்தித் தரும் மெஷின்) மாஸ்க்கில் காற்றுக் கசிகிறது, புனலூர் கடையில் முழு செட்டும் வாங்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் தேய்வது முகத்தில் படும் சிலிக்கான் குஷன்தான். முக எண்ணெய் பட்டு அது தளர்ந்துவிடும். பட்டையை இறுக்கினால் கசிவு கூடும், மூக்குத்தண்டும் புண்ணாகும். குஷனைத் தனியாக வாங்கலாம். மாஸ்க்கின் மாடல் பெயரும் குஷனில் அச்சிட்ட அளவும் இரண்டுமே பொருந்த வேண்டும். உதாரணமாக, ரெஸ்மெட் கம்பெனியின் எஃப்20 மாடல் குஷன் அதன் எஃப்30 மாஸ்க்கில் உட்காராது. பழையதைக் கையோடு கொண்டு போங்கள்.

மெஷினையும் மாஸ்க்கையும் இணைக்கும் குழாய் சாதாரணமானால் 22 மி.மீ. முனை, பெரும்பாலான மெஷின்களுக்குச் சேரும். சூடேறும் குழாய் என்றால் அந்தந்த மெஷினுக்கு உரியதுதான். 15 மி.மீ. மெல்லிய குழாய்க்கு மாறினால் மெஷின் செட்டிங்கிலும் மாற்றுங்கள். ஃபில்டரை மாதம் ஒருமுறை பாருங்கள், சாம்பல் நிறமானால் மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: ஆன்லைனில் மலிவாக வருபவற்றில் காற்றுத்துளை இல்லாத 'நான்-வென்டட்' மாஸ்க்கும் உண்டு. அது ஆஸ்பத்திரி வென்டிலேட்டருக்கானது. சிபாப்பில் மாட்டினால் விட்ட மூச்சே திரும்ப உள்ளே போகும், ஆபத்து. 'வென்டட்' என்று பெட்டியில் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

சாரல் காலத்தில் குழாயில் நீர் கோர்த்தால் மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள்.