தோள்பட்டைக்கு 6 சதவீதம் போட்டிருக்கிறார்கள், ஒத்துக்கொள்வதா?

கேள்வி: எனக்கு 38 வயது, ஊர் அறந்தாங்கிப் பக்கம். சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. ஒன்பது மாதத்துக்கு முன் இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு போகும்போது வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். எம்ஆர்ஐ எடுத்ததில் தோள்பட்டைத் தசைநார் கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். எம்சி (மருத்துவ விடுப்பு) முடிந்ததும் மூன்று மாதம் ஸ்டோரில் லைட் டூட்டி, அதாவது இலகுவான வேலை. அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மட்டும்தான் வந்தது. முன்பு ஓவர்டைம் எல்லாம் சேர்த்து மாதம் சராசரியாக 1,350 வெள்ளி எடுப்பேன். இப்போது 6 சதவீத ஊனம், 8,688 வெள்ளி என்று இழப்பீட்டு அறிவிப்பு வந்து ஒன்பது நாளாகிறது. சட்டையைக் கூட ஒரு கையால்தான் மாட்டுகிறேன். "இந்த வயதில் தோள் தேயத்தான் செய்யும், வாங்கிக்கொண்டு ஊருக்குப் போ, டிக்கெட் போட்டாச்சு" என்கிறார் சூப்பர்வைசர். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, உங்களுக்கு அவசரம் என்பதால் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் தேதியைப் பாருங்கள். அறிவிப்பு உங்களுக்குக் கொடுக்கப்பட்டதிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் போயாக வேண்டும். போகாவிட்டால் அந்தத் தொகைக்கு நீங்கள் ஒத்துக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்களிடம் ஐந்து நாள் இருக்கிறது. சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னது ஆட்சேபம் ஆகாது. அறிவிப்பிலேயே எப்படி ஆட்சேபிப்பது என்று போட்டிருக்கும், அந்த வழியில்தான் அனுப்ப வேண்டும்.

நீங்கள் சதவீதத்தை மட்டும்தான் பார்த்தீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது 8,688 என்ற தொகை. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் நிரந்தர ஊனத்துக்கான கணக்கு இதுதான்: சராசரி மாத வருமானத்தை வயதுக்கான பெருக்கல் எண்ணால் பெருக்கி, அதில் ஊனச் சதவீதத்தை எடுக்க வேண்டும். 40 வயதும் அதற்குக் கீழும் இருப்பவர்களுக்குப் பெருக்கல் எண் 181. 800ஐ 181ஆல் பெருக்கினால் 1,44,800. அதில் 6 சதவீதம் சரியாக 8,688. ஆக, உங்கள் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அது தவறு. விபத்துக்கு முந்தைய 12 மாத வருமானத்தின் சராசரியைத்தான் எடுக்க வேண்டும், அதில் ஓவர்டைமும் சேரும். 1,350 வெள்ளி என்று எடுத்தால் அதே 6 சதவீதத்துக்கு 14,661 வெள்ளி வருகிறது. கிட்டத்தட்ட 6,000 வெள்ளி வித்தியாசம், அதுவும் மருத்துவர் ஒரு புள்ளி கூட ஏற்றாமலே. ஊரில் ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய காசு என்று எனக்குத் தெரியும். அதனால் ஆட்சேபத்தில் வருமானக் கணக்கு, ஊனச் சதவீதம் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றை எழுதி மற்றதை விட்டுவிடாதீர்கள். 12 மாதச் சம்பளச் சீட்டு, இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு விவரம், ஓவர்டைம் குறித்த டைம்கார்டு படம் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

லைட் டூட்டி பார்த்த அந்த மூன்று மாதத்தையும் விட்டுவிடாதீர்கள். 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள இதே சட்டத்தின் புதிய வடிவில், காயத்தால் லைட் டூட்டி போடப்பட்ட காலமும் எம்சி காலத்தைப் போலவே இழப்பீட்டுக்குள் வருகிறது. எம்சிக்கு முதல் 14 நாளும், மருத்துவமனை விடுப்பு என்றால் முதல் 60 நாளும் முழுச் சம்பளம். அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்து ஓராண்டு வரை. இதற்கும் அடிப்படை அதே சராசரி வருமானம்தான், வெறும் 800 இல்லை.

சரி, சதவீதத்துக்கு வருவோம். அதை ஆட்சேபித்தால் மருத்துவக் குழு உங்களைப் பரிசோதிக்கும். அந்தக் குழு சொல்வதே முடிவு. சதவீதம் கூடலாம், குறையவும் செய்யலாம், பணம் கைக்கு வரவும் தாமதமாகும். இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகும் ஒரு கையால் சட்டை மாட்டுகிற ஆளுக்கு 6 சதவீதம் என்றால், அதை மறுபடி பார்க்கச் சொல்வது நியாயம் என்றே நினைக்கிறேன்.

தோளைப் பொறுத்தவரை வலி எவ்வளவு என்பதைவிட, கை எவ்வளவு தூரம் அசைகிறது என்பதுதான் எண்ணாக மாறும். கையை முன்பக்கம் தூக்கச் சொல்வார்கள், பக்கவாட்டில் தூக்கச் சொல்வார்கள், முதுகுப் பக்கம் கொண்டுபோகச் சொல்வார்கள். கோணத்தை அளவுகோல் வைத்து அளப்பார்கள். நம் ஆட்களிடம் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, மருத்துவர் கேட்டதும் "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிடுவது. இன்னொன்று, தோள் நிற்கும் இடத்தில் நிற்காமல் உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையை மேலே கொண்டுபோய்விடுவது. உடம்பு சாய்வதால் கிடைக்கும் உயரம் தோளுடையது அல்ல. நேராக நில்லுங்கள், தோள் எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்தி "இவ்வளவுதான்" என்று சொல்லுங்கள். குறைத்துக் காட்டி நடிக்கவும் வேண்டாம். எம்ஆர்ஐ அறிக்கை, ஆபரேஷன் குறிப்பு, பிசியோதெரபி பதிவுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் கை எவ்வளவு தூக்கியது என்று பிசியோவில் எழுதி வைத்திருப்பார்கள். உங்கள் வாய்ச் சொல்லைவிட அந்த எண்களுக்கு பலம் அதிகம்.

தேய்மானம் என்ற பேச்சைக் கேட்டுத் தளர்ந்துவிடாதீர்கள். ஸ்கேனில் கொஞ்சம் தேய்வு தெரிவது வேறு, குழாயோடு விழுந்த அன்று தசைநார் கிழிந்தது வேறு. வேலை நேரத்தில் விபத்து நடந்தால், மாறான ஆதாரம் இல்லாதவரை அது வேலையால் வந்ததாகவே சட்டம் கொள்ளும். விழும் வரை அதே தோளில் முழு வேலை பார்த்தீர்கள், முன்பு தோளுக்கு வைத்தியம் எதுவும் பார்த்ததில்லை என்றால், அதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் சொல்லிக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

டிக்கெட் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. வேலை பெர்மிட்டை ரத்து செய்தாலும் உங்கள் இழப்பீட்டு உரிமை ரத்தாகாது. அவர்கள் அனுப்பப் பார்த்தால் நேராக மனிதவள அமைச்சிடம் சொல்லுங்கள். வழக்கு நடக்கும்போது இங்கே தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுப்பது உண்டு. புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலாளியின் கவனக்குறைவு என்று நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போடவும் வழி இருக்கிறது, ஆனால் இரண்டில் ஒரு வழியில்தான் பணம் வாங்க முடியும். அதில் அவர் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் அது தேவையில்லை. உங்கள் விவரத்தைப் பார்த்தால் இந்த வழியே போதும்.

தேசிய சேவையில் தோள் அடிபட்டவர்களும் கேட்டிருந்தார்கள். ஆயுதப்படை, போலீஸ், குடிமைத் தற்காப்புப் படை ஆகியவற்றின் சீருடையாளர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் தங்கள் படை வழியாகத்தான் கோர வேண்டும்.

கடைசியாக, கிடைக்கும் பணத்தில் இத்தனை சதவீதம் கொடு, முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள். சிங்கப்பூரில் வழக்கறிஞர் அப்படிப் பங்கு பேசி இந்த வழக்கை எடுக்கக் கூடாது. ஆட்சேபம் எழுதத் துணை வேண்டுமென்றால் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் மைக்ரன்ட் ஒர்க்கர்ஸ் சென்டர், டிடபிள்யூசி2 போன்ற அமைப்புகளிடம் நாளையே போங்கள். போகும்போது அறிவிப்போடு, அது உங்களுக்கு வந்த தேதி தெரியும் உறையையோ மின்னஞ்சலையோ மறக்காமல் கொண்டுபோங்கள்.