தக்காளி எடுக்கும் ரப்பர் விரல்: எந்தப் பொருளில் செய்வது?

கேள்வி: ராயக்கோட்டை பக்கம் தக்காளி தரம் பிரிக்கும் கொட்டகை வைத்திருக்கிறோம். பொறியியல் படிக்கும் என் மகள், காற்று ஊதினால் வளைந்து பழத்தைப் பிடிக்கும் சிலிக்கோன் விரல் செய்து பார்க்கிறாள். ரெசின் பிரிண்டரில் (திரவப் பிளாஸ்டிக்கை ஒளியால் இறுக்கும் 3டி பிரிண்டர்) எடுத்த அச்சில் ஊற்றினால் பிசுபிசுவென்றே இருக்கிறது. இறுகிய ஒரே விரலும் உப்பி வெடித்துவிட்டது. மின்சாரத்தில் மடங்குவது, கிழிந்தால் தானே ஒட்டிக்கொள்வது என்று புதுப் பொருட்கள் வந்திருக்கிறதாமே, அதற்கு மாறலாமா?

பதில்: வேண்டாம், சிலிக்கோனிலேயே இருங்கள். உங்கள் இரண்டு தொல்லைக்கும் வழி இருக்கிறது.

உங்கள் மகள் வாங்கியது இறுக வைக்கப் பிளாட்டினம் வினையூக்கி சேர்ந்த சிலிக்கோனாக இருக்கும். அரைகுறையாக இறுகிய ரெசின் பட்டால் அந்த வினையூக்கி செயலிழந்துவிடும். லேடெக்ஸ் கையுறையில் உள்ள கந்தகமும் அதையே செய்யும். இரண்டு நாள் காத்திருந்தாலும் பிசுபிசுப்பு போகாது. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் சாதாரண பிரிண்டரில் அச்சு எடுங்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள். தகர வினையூக்கி வகையில் இந்தத் தொல்லை இல்லை என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது நாளாகச் சுருங்கும்; சாப்பிடும் பொருளைத் தொடும் வேலைக்கும் ஆகாது.

வெடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் அளவுக்கு மீறிய மென்மை. ஈகோஃப்ளெக்ஸ் 00-30 போன்ற ரப்பர் 900 சதவீதம் வரை நீளும். காற்று ஏறினால் வளைவதற்குப் பதில் பலூனாக உப்பும். டிராகன் ஸ்கின் 30 போல ஷோர் ஏ 30 (ரப்பரின் கடினத்தைச் சொல்லும் அளவு) கடினத்தில் வாங்குங்கள். விரலின் உள்ளங்கைப் பக்கத்தில் ஒரு காகிதத்தையோ மெல்லிய பருத்தித் துணியையோ பதித்து ஊற்ற வேண்டும். அந்தப் பக்கம் நீள முடியாது, முதுகுப் பக்கம் நீளும், விரல் மடங்கும். 2011இல் ஹார்வர்டில் செய்த நாலுகால் ரோபோ நடந்ததும் இதே தத்துவத்தில்தான். 2014இல் அதே குழு விரலுக்குள் இருக்கும் காற்றறைகளுக்கு நடுவே இடைவெளி விட்டது. குறைந்த காற்றில் சட்டென்று மடங்கியது, 10 லட்சம் முறை மடக்கியும் தாங்கியது. ரப்பரை மாற்றுவதற்கு முன் இந்த வடிவத்தை முயன்று பாருங்கள்.

புதுப் பொருட்களுக்கு வருவோம். கொலராடோ பல்கலைக்கழகம் 2018இல் காட்டிய ஹேசல் என்பது எண்ணெய் நிரப்பிய பைகளை மின்புலத்தால் அமுக்குவது. வேகத்தில் அருமை, ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். பழம் கழுவி ஈரம் சொட்டும் கொட்டகைக்குள் அதை நான் விடமாட்டேன். தானே ஒட்டும் ரப்பர்தான் எனக்கு ஆசையாக இருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் 2017இல் செய்த விரலில், வெட்டுப்பட்ட இடத்தைச் சுமார் 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால் மறுபடி கூடிக்கொள்ளும். காய்ந்த காம்பும் கிரேட் விளிம்பும் குத்துகிற உங்கள் வேலைக்கு அது நிஜமாகவே பொருந்தும். ஆனால் இன்னும் ஆய்வகச் சரக்குதான். தக்காளி விலை இறங்கினால் பறிகூலிக்கே கட்டாத ஊரில், விரலும் மலிவாக இருக்க வேண்டாமா? அது கடைக்கு வரும்வரை ஓட்டையை அதே சிலிக்கோன் தடவி அடையுங்கள். சாதாரணப் பசை அதில் பிடிக்காது.

அப்புறம், பஞ்சர் கடை கம்ப்ரஸரை நேராக மாட்டிவிடாதீர்கள். ரெகுலேட்டர் வைத்து 20 கிலோபாஸ்கல் காற்றழுத்தத்தில் தொடங்கி, விரல் பழத்தைச் சுற்றி மடங்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.