மூச்சு சேனலில் நேர்கோடு

வணக்கம் சார்,

ஈசிஜியையும் மூச்சையும் அளக்கும் ஏடிஎஸ்1292ஆர் சிப் உள்ள மதிப்பீட்டு போர்டு ஒன்றில் மூச்சை அளக்கப் பார்க்கிறேன். ஈசிஜி அழகாக வருகிறது, மூச்சு சேனலில் மட்டும் நேர்கோடு. ஆழமாக இழுத்து விட்டாலும் அசையவில்லை. ரெஜிஸ்டர்களை (சிப்பின் அமைப்புகளை) மாற்றிக்கொண்டே இருந்தபோது ஒருமுறை அலை மாதிரி ஒன்று வந்தது, ஆனால் நிமிடத்துக்கு எழுபது தடவை! ஈசிஜிக்குப் போட்ட 0.5 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் ஃபில்டரையே (அதற்குக் கீழான மெதுவான மாற்றங்களை வெட்டுவது) இதற்கும் போட்டிருக்கிறேன். போர்டு கெட்டுவிட்டதா?

அன்புள்ள நண்பருக்கு,

போர்டின் மேல் பழி போட இன்னும் நேரம் வரவில்லை. முதலில் அந்த ஃபில்டரை எடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார், அதாவது சுமார் 0.2 முதல் 0.33 ஹெர்ட்ஸ். 0.5-இல் வெட்டினால் மூச்சில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். 0.05 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்குங்கள்.

அந்த எழுபதுதான் உங்கள் கடிதத்திலேயே உருப்படியான தகவல். அலை ஊசி ஊசியாக இருந்ததா, மழுங்கலாக மேடு மேடாக இருந்ததா? ஊசி என்றால் நீங்கள் ரெஜிஸ்டரை மாற்றியதில் டீமாடுலேஷன் (போர்டு உடம்புக்குள் அனுப்பும் அலையிலிருந்து மூச்சைப் பிரித்தெடுக்கும் வேலை) அணைந்து, மூச்சுக்கான முதல் சேனல் சாதாரண ஈசிஜி சேனலாகிவிட்டது. மேடு என்றால் நல்ல செய்தி: மூச்சால் மாறும் மார்பின் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு அது தரும் எதிர்ப்பு) இதயம் ரத்தத்தைத் தள்ளும்போதும் கொஞ்சம் மாறும், மூச்சை வெட்டிய ஃபில்டர் அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

அப்புறம், அளவு. ஈசிஜி உடம்பே தரும் மின்னழுத்தம். மூச்சுக்கு போர்டுதான் 32 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டத்தை அனுப்ப வேண்டும். அது 30 மைக்ரோ ஆம்பியர் என்றும், உடம்பும் எலக்ட்ரோடும் சேர்ந்து 1 கிலோ ஓம் என்றும் வைத்துக்கொண்டால் கிடைப்பது 30 மில்லி வோல்ட். மூச்சால் மாறுவது ஒரு ஓம், பல சமயம் அதற்கும் கீழே, ஆக 30 மைக்ரோ வோல்ட்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு. சராசரியைக் கழித்துவிட்டுத் திரையைப் பெரிதாக்கிப் பார்க்காவிட்டால் நேர்கோடாகத்தான் தெரியும்.

சரி, இதையெல்லாம் உடம்பில் வைத்துச் சோதிக்காதீர்கள். எலக்ட்ரோடுக்குப் பதில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி, அதற்கு இணையாக 1 மெகா ஓம் ஒன்றை ஸ்விட்ச் வழியாகச் சேர்த்துச் சேர்த்து எடுங்கள். ஒவ்வொரு தடவையும் மொத்தம் ஏறக்குறைய ஒரு ஓம் குறையும், கிட்டத்தட்ட ஒரு மூச்சு அளவு. (விரலால் பிடித்து வைக்காதீர்கள், உங்கள் தோலே இணையாகச் சேர்ந்துகொள்ளும்.) அப்போது திரைக் கோடு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கினால், அதாவது படி தெரிந்தால், போர்டு சரி. தெரியாவிட்டால் ஆஸிலோஸ்கோப்பை எலக்ட்ரோடு முனையில் வைத்து 32 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை அங்கே வந்து சேருகிறதா என்று பாருங்கள்.

படி தெரிந்தும் மங்கலாக இருந்தால் ஃபேஸை, அதாவது அனுப்பும் அலைக்கும் டீமாடுலேஷனுக்கும் இடையே உள்ள நேர விலகலை, திருத்த வேண்டும். 32 கிலோஹெர்ட்ஸில் அதை 11.25 டிகிரி படிகளாக மாற்றலாம். கேபிளை மாட்டியபடியே செய்யுங்கள்: கவசக் கேபிளில் 200 பிகோ ஃபாரட் இருந்தாலே அந்த அதிர்வெண்ணில் அது வெறும் 25 கிலோ ஓம், ஃபேஸைத் திருப்பிவிடலாம். கேபிளை மாற்றினால் மறுபடியும் பார்க்க வேண்டியதுதான்.

கடைசியில் உடம்பு. லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றிவிடுங்கள், இது நோயாளிக்கான கருவி அல்ல. வயிற்றால் மூச்சு விடுகிறவருக்கு இரண்டு கைகளுக்கு இடையே அலை சிறியதாக வரலாம், ஒரு எலக்ட்ரோடை இடுப்புப் பக்கம் இறக்கிப் பாருங்கள்.

ரெசிஸ்டர் சோதனையில் படி வரவில்லையென்றால் மூச்சுக்கான இரண்டு ரெஸ்ப் ரெஜிஸ்டர்களிலும் இருக்கும் மதிப்பை எழுதி அனுப்புங்கள்.