பராசரர் நூலும் 'தார' கணக்கும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பிருஹத் பராசர ஹோரா சாஸ்திரம் துவாபர யுகத்து நூல் என்கிறார் எங்கள் ஜோசியர். நிஜமா?

பதில்: பராசரர் பெயர் பழசு. இன்று கடையில் கிடைக்கும் நூல் அவ்வளவு பழசில்லை. 6-ஆம் நூற்றாண்டு ஜோதிட ஆசிரியர் வராஹமிஹிரர் பராசரரைக் குறிப்பிடுகிறார், சரி. ஆனால் வராஹமிஹிரருடைய பிருஹத் ஜாதகம் என்ற நூலுக்கு 966-இல் உரை எழுதிய பட்டோத்பலர், பராசரரின் சம்ஹிதையைத்தான் (சகுனம் போன்ற பொதுப் பலன்களைச் சொல்லும் நூல்) பார்த்தேன், ஜாதக நூலைப் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டார். பழைய நூல்களைத் தேடித்தேடி மேற்கோள் காட்டுகிற மனிதர் அவர். அவர் கண்ணிலேயே படவில்லை. போதாததற்கு, பதிப்புக்குப் பதிப்பு அத்தியாயக் கணக்கும் மாறுகிறது. பலன் பார்க்கத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், வயதை மட்டும் யுகத்தில் சொல்ல வேண்டாம்.

கேள்வி: கேந்திரம் (1, 4, 7, 10-ஆம் இடங்கள்), ஹோரை எல்லாம் கிரேக்கச் சொற்களாமே?

பதில்: ஆமாம். பணபரம் (2, 5, 8, 11-ஆம் இடங்கள்), ஆபோக்லிமம் (3, 6, 9, 12)கூட அப்படித்தான். மேஷத்துக்குக் 'கிரியம்', ரிஷபத்துக்குத் 'தாவுரி' என்று வராஹமிஹிரரே தருகிறார். 'அஹோராத்ர' என்பதில் முதலெழுத்தும் கடைசியெழுத்தும் போனால் 'ஹோரா' என்பதையும் சொல்கிறார், ஆனால் 'சிலர் கருத்து' என்றுதான் போடுகிறார். யவனர் மிலேச்சராயினும் இந்தச் சாஸ்திரம் அவர்களிடம் நன்கு நிலைத்திருப்பதால் ரிஷிகளைப் போலப் போற்றப்படுகிறார்கள் என்பது அவருடைய இன்னொரு நூலான பிருஹத் சம்ஹிதையில் அவர் தரும் வாக்கு. அவருக்கே கூச்சமில்லை, நமக்கு எதற்கு?

கேள்வி: ஜைமினி சூத்திரம் என்ற ஜோதிட நூலில் அர்களத்துக்கு (ஓர் இடத்தின் பலனில் வேறு இடத்துக் கிரகங்கள் குறுக்கிடுவது) 'தார' என்றால் 4-ஆம் இடமாம். எழுத்தை எண்ணாக்கும் கடபயாதி முறைப்படி போட்டால் எனக்கு 2 வருகிறது.

பதில்: தமிழ் எழுத்தை வைத்துப் போட்டிருக்கிறீர்கள்! நமக்கு ஒரே 'த'; வடமொழியில் நான்கு. நீங்கள் முதல் 'த'வுக்கு 6 எடுத்தீர்கள். தாரத்தில் இருப்பது மூன்றாவது, அதற்கு 8. 'ர'வுக்கு 2. எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதால் 28. ராசிகள் 12 என்பதால் 12-ஆல் வகுத்தால் மீதி 4. அதே சூத்திரத்தில் 'பாக்ய': ப வரிசையில் நான்காவது எழுத்து, அதனால் 4. கூட்டெழுத்தில் கடைசி மெய்தான் கணக்கு, 'ய'வுக்கு 1. ஆக 14, மீதி 2. 'சூல'வும் இதே வம்பு. அது 'சக்கர'த்துச் 'ச' இல்லை, 'சிவ'னுடையது. 5, 3, அதாவது 35, மீதி 11. கிரந்தமோ நாகரியோ பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

கேள்வி: விம்சோத்தரி தசை (நட்சத்திரத்தை வைத்துப் போடும் 120 வருட தசைக் கணக்கு) பிருஹத் ஜாதகத்தில் எந்த அத்தியாயம்?

பதில்: எதிலும் இல்லை. 8-ஆம் அத்தியாயம் தசையைப் பற்றியதுதான், ஆனால் அது ஆயுள் கணக்கிலிருந்து வரும் வேறு முறை.

கேள்வி: உத்தரகாலாமிருதம் என்ற ஜோதிட நூல் சாகுந்தலம் எழுதிய காளிதாசருடையதா?

பதில்: இல்லை. பெயர் ஒன்று, ஆள் வேறு.